அப்பா போன அன்றும் எரிந்த உலை

அப்பா இறந்த அன்று காலை அம்பத்தூரில் அவருடைய பவுண்டரியில் உலை எரிந்துகொண்டிருந்தது. அவருடைய மூத்த மகளாகிய நான் அந்த உலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உருகிய இரும்பைக் கடைசி வாளி வரை அச்சுகளில் ஊற்றி முடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்தேன்.

நினைவு மலரை இப்படியா ஆரம்பிப்பது என்று சிலர் முகம் சுளிக்கலாம். "குலவிளக்கு, குணக்குன்று அப்படீன்னு நாலு வரி எழுதிடுக்கா, போதும்" என்றான் என் தம்பி. எனக்கு அது வராது. அப்பாவுக்கும் பிடிக்காது. அதைவிட, உங்களில் பலர் அன்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசியது என் காதில் விழுந்தது. சாவு வீட்டில் உடலை எடுக்கும் வரை அடுப்புப் பற்றவைப்பதில்லை; சாப்பாடுகூட சம்பந்தி வீட்டிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோதான் வரும். இது நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க மகளே மலை போலத் தீயெரித்துக்கொண்டு நின்றாளே என்று பேசிக்கொண்டீர்கள். முதுகுக்குப் பின்னால் பேசாமல் முகத்துக்கு நேராகக் கேட்டவர் ஒருவர்தான். அவர் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா.

"பெத்தவன் பொணம் நடு வீட்ல கெடக்குது. அடுப்பெரியக் கூடாத நேரத்துல நீ இரும்பு காச்சிட்டு வர்றியா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

அதோடு அத்தை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு காட்டுப்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு எத்தனை முறை போன் செய்தாலும் வேறு யாராவதுதான் எடுத்தார்கள். அம்மாவிடம் பேசுவார், தம்பியிடம் பேசுவார், என் பெயர் வந்தால் போனை வைத்துவிடுவார். தாயில்லாப் பிள்ளையாகிய அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் வந்து உட்காராமல் அப்பாவுக்கு முதலாண்டுப் படையல் என்றால், அதை நான் எந்த முகத்தோடு போடுவேன்? இந்த ஒரு வருடமும் என்னை அரித்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். ஆகவே இந்தக் கட்டுரையில் அப்பாவின் வாழ்க்கையும் இருக்கும், உங்கள் கேள்விக்குப் பதிலும் இருக்கும்.

அப்பா பிறந்தது சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலை அடிவாரத்தில். அந்த மலையில் இரும்புக் கல் உண்டு. பழங்காலத்தில் அங்கே இரும்பு காய்ச்சியிருக்கிறார்கள் என்பார்கள். வயலில் ஏர் ஓட்டினால், இரும்பு காய்ச்சிய கழிவாகிய சிட்டக் கல் கருகருவென்று அகப்படும். இதைக் கேட்டவுடன் "அதுதான் ரத்தத்திலேயே இரும்பு ஊறியிருக்கிறது" என்று யாரும் மேடை போட்டுப் பேச வேண்டாம். எங்கள் தாத்தா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். எங்கள் குடும்பத்துக்கும் இரும்புக்கும் இருந்த ஒரே சம்பந்தம் வீட்டிலிருந்த தோசைக்கல்தான்.

அந்த ஜவுளிக்கடை வேலையாகத்தான் அப்பாவும் சென்னைக்கு வந்தார். ஒருநாள் வடசென்னையில் ஒரு பவுண்டரி முதலாளி வீட்டுக்குத் துணி மூட்டை கொண்டுபோனவர், வழி தவறிப் பட்டறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். அப்போது அங்கே இரும்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைத் தலையில் வைத்தபடியே நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் மூச்சு வாங்கச் சொன்னாராம்.

"இரும்பு தண்ணி மாதிரி ஓடுதுக்கா!"

"ஓடட்டும். அதுக்கு? அதுல எறங்கிக் குளிக்கப் போறியா?" என்று கேட்டவர் அத்தை.

குளிக்கத்தான் போனார். ஜவுளிக்கடையை விட்டு அதே பவுண்டரியில் மண் அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். ஊரே சிரித்தது. வெள்ளை வேட்டியும் விபூதியுமாகக் கல்லாப் பக்கம் உட்கார வேண்டியவன் கரிக்கட்டையாகத் திரிகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அன்று பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் பிறகு எங்கள் பவுண்டரிக்கே பயிற்சிக்கு வந்தார்கள் என்பதை ஒரு தகவலுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்போது அம்பத்தூரில் புதுப் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. லேத் போட்டவர், பம்ப் செய்பவர், மோட்டார் வண்டிக்கு உதிரி பாகம் செய்பவர் என்று எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டிய வார்ப்பிரும்பு மட்டும் நகரத்தைச் சுற்றிக்கொண்டு லாரியில் வந்தது. "ஆளெல்லாம் இங்க இருக்காங்க, இரும்பு மட்டும் ஏன் ஊர்கோலம் வரணும்?" என்று அப்பா கேட்டார். கேட்டதோடு நிற்காமல் வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை பிடித்தார். இந்தப் பக்கத்தில் உலை போட்ட முதல் சிலரில் அவரும் ஒருவர்.

எங்கள் உலையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நிற்கவைத்த பெரிய இரும்புக் குழாய்தான் அது. உட்பக்கம் தீச்செங்கல் பதித்திருக்கும். கரி ஓர் அடுக்கு, இரும்பு ஓர் அடுக்கு என்று மேலிருந்து மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். விடியற்காலையில் அடியில் தீ வைத்து, கரி நன்றாகக் கனிந்ததும் மோட்டாரைப் போட்டுக் காற்றை ஊதவிட்டால் இரும்பு உருகி இறங்கும். அதை நீண்ட பிடியுள்ள வாளிகளில் பிடித்து மண் அச்சுகளில் ஊற்ற வேண்டும். எல்லாம் முடிந்த பின் அடிக்கதவைத் திறந்தால் எரியும் மிச்சம் மொத்தமும் கீழே விழும். விழும் இடத்தில் காய்ந்த மணல் பரப்பியிருக்க வேண்டும். ஈரத்தின் மேல் உருகிய இரும்பு விழுந்தால் வெடிகுண்டுதான்.

உலை தினமும் எரியாது; எரியும் நாளை உலை நாள் என்போம். அப்பாவின் முதல் உலை நாளில் பாதியில் மின்சாரம் போய்விட்டது. காற்று நின்றது. உள்ளே இருந்த இரும்பும் கரியும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரே பாறையாகிவிட்டது. பக்கத்துக் கொட்டகைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, உள்ளயே தூண் நட்டுகினியா?" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு உளியும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு உலைக்குள் இறங்கி அந்தப் பாறையை உடைத்தே எடுத்தார். அடுத்த உலை நாளுக்குள் எங்கிருந்தோ ஒரு பழைய டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து, மின்சாரம் போனாலும் காற்று நிற்காதபடி இணைத்துவிட்டார். சிரித்த அதே மனிதர்தான் முதல் ஆர்டரையும் கொடுத்தார்.

அதன் பிறகு அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் மோட்டார்க் கூடுகள், லேத்தின் அடிப்படுகைகள், வண்டிகளின் பிரேக் டிரம்கள் என்று என்னென்னவோ வார்த்தார். "அம்பத்தூர்ல நிக்கிற மிஷின்ல பாதிக்கு நாமதான் காலு குடுத்திருக்கோம்" என்பார். கொஞ்சம் மிகைதான்; ஆனால் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

அவர் செய்த ஒரு கூத்தையும் சொல்லாவிட்டால் இந்த மலர் நிறையாது. சூடாக ஊற்றிய இரும்பு ஆறும்போது சற்றுச் சுருங்கும். அதனால் மண்ணில் அச்சு எடுப்பதற்கான மர மாதிரிக் கட்டை செய்பவர்கள் சாதாரண ஸ்கேலை எடுக்க மாட்டார்கள். ஒவ்வோர் அங்குலமும் கொஞ்சம் கூடுதலாக உள்ள தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். முகப்பேரில் வீடு கட்டும்போது, கொத்தனார் சொன்ன ஜன்னல் அளவுகளை அப்பா தாமே ஒரு கம்பில் குறித்துத் தச்சரிடம் கொடுத்தார். குறித்தது அந்த ஸ்கேலால். வந்திறங்கிய ஜன்னல்கள் ஒன்றுகூடச் சுவரில் உட்காரவில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா ஜன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆறட்டும், சுருங்கிடும்" என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டு ஜன்னல்களின் ஓரத்தில் இழைப்புளி போட்ட தழும்பு தெரியும்.

சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்த காலத்தில், மதுரைப் பக்கத்திலிருந்து குடிவந்த ஓர் அம்மாள் கரி படிந்த சட்டையோடு நேரே அலுவலகத்துக்கு வந்து, "சார், இதைத் துவைச்சுத் தாங்க" என்று மேசையில் போட்டார். கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், நல்ல கோபம். எங்கள் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். "நாம முதல்ல வந்தோம்" என்று தம்பி ஆரம்பித்தான். அப்பா அவனை அடக்கினார். "அந்தம்மா சொல்றது நியாயம்தானே? முதல்ல வந்தவன்னா கரியை ஊதலாமா?" என்றார். புகையைத் தண்ணீரில் கழுவி அனுப்பும் கோபுரம் அதற்கப்புறம்தான் எழுந்தது. சட்டையையும் அம்மாவிடம் கொடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இனி, இதுவரை நீங்கள் யாரும் கேள்விப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை இங்கே எழுத அத்தையிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

தாத்தா இறந்தபோது நான் பிறக்கவில்லை. அத்தை அப்போது சேலத்தில் இருந்தார். பக்கத்துக் கம்பெனிக்குப் போன் செய்து அப்பாவைக் கூப்பிட்டு, "அப்பா போயிட்டார்டா. கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு ஓடியா" என்று அழுதார். அன்று உலை நாள். இரும்பு பாதி உருகியிருந்தது. அப்பா அக்கா சொன்னபடியே செய்தார். "அடிக்கதவத் தொறந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். பாதி உருகிய உலை சொன்னவுடன் விழாது. உள்ளேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். அதோடு, முதல் நாள் மழை. ஓடுகிற அவசரத்தில் அடியில் காய்ந்த மணல் போட்டாயிற்றா என்று அப்பா பார்க்கவில்லை. எவ்வளவோ உலை பார்த்தவர், அன்று பார்க்கவில்லை.

கதவைத் திறந்தும் ஒன்றும் விழாததால் ஏழுமலை அண்ணன் கம்பியை எடுத்துக்கொண்டு கிட்டே போயிருக்கிறார். திருவேற்காட்டுக்காரர், அப்பாவிடம் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர். குத்திய மாத்திரத்தில் மொத்தமும் விழுந்தது. ஈரத்தில் பட்டு வெடித்தது. அவருக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயின.

காரியம் முடிந்து திரும்பிய அப்பா நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்பா அழுது தாம் பார்த்தது அன்று மட்டும்தான் என்பார் ஏழுமலை அண்ணன். அவர் எழுந்து நடக்கும் வரை அப்பாவும் அம்மாவும்தான் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தார்கள். பிறகு அவர் எங்கள் பவுண்டரிக்கே மேஸ்திரியானார். ஒன்றை மட்டும் அப்பா அவரிடம் சத்தியமாகக் கேட்டுக்கொண்டார். "எங்கக்காவுக்கு இது தெரியவே கூடாது. அவ கூப்பிட்டுத்தான் ஓடினேன்னு அவ மனசுல விழுந்துடும். அப்பனப் பறிகுடுத்து நிக்கிறா, இதையும் அவ தலையில வைக்க வேணாம்."

அன்றிலிருந்து எங்கள் பவுண்டரியில் ஒரே சட்டம்தான். காற்று மோட்டாரைப் போடுகிறவர் யாரோ, அவர் கடைசி வாளி ஊற்றும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. தம்பி பிறந்த சேதி வந்தபோதும் அப்பா நகரவில்லை. அம்மா எந்த நல்ல காரியத்துக்கும் பஞ்சாங்கம் பார்ப்பதற்கு முன்னால், "அன்னிக்கு உலை நாளா?" என்றுதான் கேட்பார். சில வருடங்களாக மோட்டாரைப் போடுவது நான்.

அப்பாவின் கடைசி மாதங்கள் வீட்டில் கட்டிலோடு கழிந்தன. இதயம் தளர்ந்துபோயிருந்தது, நினைவு மட்டும் கூர்மையாக இருந்தது. கடைசி நாளுக்கு முந்தைய மாலை என்னிடம், "நாளைக்கு என்ன ஊத்துறீங்க?" என்று கேட்டார். மோட்டார்க் கூடு என்றேன். "கீழ மணல் காஞ்சிருக்கான்னு பாத்துக்கம்மா" என்றார். என்னிடம் அவர் பேசியது அதோடு சரி. மகளிடம் கடைசியாகச் சொல்ல வேறொன்றும் இல்லையா என்று கேட்காதீர்கள். எனக்கு அதுவே போதும்.

மறுநாள் காலை நான் மோட்டாரைப் போட்டு, இரும்பு இறங்க ஆரம்பித்த நேரம், தம்பி போன் செய்தான். அப்பா போய்விட்டார். அம்மா பக்கத்தில் அவன் இருந்தான். சேலத்திலிருந்து உறவினர் வந்துசேரவே மாலையாகிவிடும் என்றும் அவனே சொன்னான். பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்பவர்கள் வாளிகளைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். ஏழுமலை அண்ணன் என்னிடம் வந்தார்.

"பாப்பா, நீ ஊட்டுக்குக் கெளம்பு. அடிக்கதவத் தொறந்து உட்டுட்றேன். நான் பாத்துக்கறேன்."

அவர் கையில் அதே மாதிரிக் கம்பி. உலையில் இரும்பு பாதி உருகியிருந்தது. அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் என் அப்பாவுக்காக அந்த மனிதர் மறுபடி அதன் கிட்டே போகத் தயாராக நின்றார்.

"வேணாம்ண்ணே. ஊத்தலாம்" என்றேன்.

ஊற்றினோம். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் அவசரப்படவில்லை. அன்று வார்த்தது ஏதோ ராக்கெட் பாகம் என்று நினைக்காதீர்கள்; யார் வீட்டுக் கிணற்றிலோ தண்ணீர் இறைக்கப் போகும் சாதாரண மோட்டார்க் கூடுகள்தான். கடைசி வாளி ஊற்றியானதும், மணலை நானே கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு அடிக்கதவைத் திறந்தார்கள். ஒருவருக்கும் ஒரு பொட்டுக் காயமில்லை. அதன் பிறகுதான் கரி முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே அத்தையின் கேள்வி. ஏன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் அப்பா வாங்கிய சத்தியத்தை, அவர் உடல் கிடக்கும் வீட்டு வாசலிலேயே நான் எப்படி உடைப்பேன்?

முதலாண்டு நெருங்கியபோது ஏழுமலை அண்ணனே வந்து நின்றார்.

"கெளம்பு பாப்பா, காட்டுப்பாக்கம் போய்ட்டு வந்துடலாம். மொதலாளி சொல்லாதன்னாரு, சர்தான். ஆனா உம்மேல பழி வந்தாலும் வாய மூடிகினு கெடன்னு சொல்லலியே?"

அத்தை கதவைத் திறந்தார். "வாங்க" என்றது அவரை மட்டும். நான் பின்னாலேயே போய்ச் சுவரோரமாக நின்றேன். ஏழுமலை அண்ணன் அதிகம் பேசவில்லை. வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னார். அத்தை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போன் போட்ட அன்னிக்கா?"

"ஆமாம்மா."

"பாவி, இத்தனை வருஷம் எங்கிட்ட வாயத் தொறக்காமயே போயிட்டானே" என்று அத்தை அப்பாவைத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். ஏழுமலை அண்ணனும் அழுதார். நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சாப்டியாடி?"

ஒரு வருடத்துக்குப் பிறகு என் அத்தை என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. தட்டில் அவர் போட்டதையெல்லாம் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன். இதை மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. நான் ஓடியான்னு கூப்ட்டதையும் சேத்து எழுது, மறைக்காத. அன்னிக்கு உன்னைப் பேசினவங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றார். பிறகு படையல் எந்தக் கிழமை என்று கேட்டார். சொன்னேன். அன்று உலை நாள்தான், ஆனால் மூடிவிடலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"எதுக்கு மூடணும்?" என்று அத்தை அதட்டினார்.

அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்று எங்கள் எல்லோருக்கும் சோறு கொண்டுவந்து போட்ட அண்டை வீட்டாருக்கும், தூரம் பாராமல் சேலத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும், அப்பாவைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூடத்தில் பேசியவர்களுக்கும் நன்றி. நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். ஏழுமலை அண்ணனுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை.

திதி கொடுப்பதைத் தம்பி விடியற்காலையிலேயே முடித்துவிடுவான். படையலும் சாப்பாடும் மாலையில். நேரத்தை மாற்றியது அத்தை. அன்று காலை பவுண்டரியில் காற்று மோட்டாரைப் போடப் போவதும் அத்தைதான்; அதற்கு என்ன சட்டம் என்று சொல்லிவிட்டேன், நாற்காலி மட்டும் போட்டு வை என்றார். அவர் வந்துசேர்ந்த பிறகுதான் இலை போடுவோம்.